சீனிக்கு மேல் அடுக்கிய மூட்டைகள்

கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடை. சட்டனில் ஒரு கடையும் சாமான் களஞ்சியமும். வெம்பிளியில் இன்னொன்று. வங்கி இரண்டு தரம் கையை விரித்தும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கட்டியவை இவை. இந்தக் கணக்கில் நான்கு பேரின் உயிரையும் சேர்த்துக்கொள்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் பல் வைத்தியர். குளிர்காலத்தில் சிநேகிதர்களோடு ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போய், ஆள் போகாத பக்கங்களில் பனிச்சறுக்குவாள். ஏற முன்னர் எனக்குப் போன் எடுக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். போன மாசியில் இரண்டு நாள் புயல் அடித்து ஓய்ந்த காலை, நான் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தபோது எடுத்தாள்.

“பனிச்சரிவு வரலாம் எண்டு அறிவிப்பு இருக்கப்பா. ஆனா நல்ல வெயில், காத்தும் நிண்டிட்டுது. எங்களைக் கூட்டிவந்தவர் ஏறலாம் எண்டுறார்.”

“நீ என்ன சொல்லுறாய்?”

“பனியைக் கிண்டிப் பாத்தனான். மேலை புதுப்பனி பலகை மாதிரி இறுகிக் கிடக்கு. அதுக்குக் கீழை சீனி மாதிரி. கையிலை ஒட்டுதேயில்லை.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். களஞ்சியம் தொடங்கிய புதிதில், அரிசி மூட்டை அடுக்கின் மேல் ஒரு சீனிப்பை கிழிந்து கொட்டியது. அவசரத்தில் கூட்டித் துடைக்காமல் அதன்மேல் இன்னும் மூன்று வரிசை ஏற்றினேன். இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் ஏறிக் கால் வைத்தேன். மூன்று வரிசையும் ஒரே துண்டாக வழுக்கி வந்தது. என் கணுக்கால் முறிந்தது.

இதை அவளுக்குச் சொன்னேன். “சீனிக்கு மேலை ஏறாதை. அதுக்குக் கீழையும் நிக்காதை.”

“அப்பா, கார்க் கண்ணாடியிலை சுரண்டின பனியை விட நீங்கள் வேறை பனி கண்டனீங்களோ?”

“காணேல்லை. ஆனா விழுந்தனான்.”

“அவரிட்டைச் சொல்லிப் பாக்கிறன்” என்றாள்.

மூட்டைக் கதையைக் கேட்டுக் கூட்டிவந்தவர் சிரித்தாராம். பிறகு அவரும் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாராம். சரிவை விட்டுவிட்டு நான்கு பேரும் தட்டையான காட்டுப் பக்கத்தால் சுற்றினார்கள். மத்தியானம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது, யாரும் மிதிக்காமலே அந்தச் சரிவு முழுவதும் பள்ளத்தில் கிடந்தது. படம் அனுப்பினாள். உச்சியில், கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. பார்த்தேன். பிறகு வெண்டிக்காயை அடுக்கி முடித்தேன்.

பங்குனியில் அவர்களின் பனிச்சறுக்குச் சங்க இதழ் வந்தது. ‘தலைவரின் நீண்ட அனுபவத்தால் பாதை மாற்றப்பட்டது’ என்று எழுதியிருந்ததை மகள் எனக்குத் தமிழில் வாசித்தாள்.

“இதிலை நான் எங்கை?”

“உங்களை என்னெண்டு போடுறது? அரிசி மூட்டை நிபுணர் எண்டோ?”

“அப்பிடியே போடு.”

அவள் இன்னும் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டிப்போனவருடைய அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் பெயர் இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு வரி வேண்டும்: ‘ஏறவேண்டாம் என்று முதலில் சொன்னவர் கோலியர்ஸ் வுட் கடைக்காரர்.’ அடுத்த இதழில் அது வரவேண்டும்.