தாண்டிவிட்ட படம்

ஓக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வீதியைக் கடக்கும்போது, என் மகளைக் கார் இடித்தது. எலும்பு முறியவில்லை. தலையில்தான் அடி. வெளிச்சம் கூடாது, திரை கூடாது, வாசிக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஞாபகத்தில் சில இடங்கள் விடுபட்டிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த 'விடுபட்டிருக்கலாம்' என்ற சொல்லைத்தான் வேலைக்கு லீவு போட்டபோதும் சோறு வடித்தபோதும் சுமந்து திரிந்தேன்.

திரைச்சீலை மூடிய அறையில் அவள் படுத்திருந்தாள். எதைக் கேட்டாலும் "ஓகே அம்மா" என்பாள். நான் சொல்லும் ஒவ்வொன்றையும் மறுத்துக் கதைத்த பிள்ளை. அந்த வாய்க்காக ஏங்கிப்போனேன்.

பள்ளி ஓவியப் பாடத்துக்காக அவள் எடுத்திருந்த நூலகப் புத்தகம் மேசையில் கிடந்தது. ஒட்டோமான் காலத்து இஸ்தான்புல் மனிதர்களின் நீர்வண்ணப் படங்கள். பக்கத்துக்கு ஒரு தொழில். அதேபோல் ஓக்லாந்து பஸ் ஓட்டுநரையும் தெருமுனை டெயரிக் கடைக்காரரையும் வரையப்போவதாகச் சொல்லியிருந்தாள். அறைக்கு வெளியிலிருந்து வெளிச்சம் விழும் கதவடியில் கதிரையைப் போட்டு, படங்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

"தண்ணி விக்கிறவன். தோளில தோல் பை. காலுக்குக் கீழ நிலமே கீறேல்லை, வெறும் தாளில நிக்கிறான்."

"ஓகே அம்மா."

"ஈரல் விக்கிறவன். தடியில ஈரல் தொங்குது. பின்னால பூனையள்."

"ஓகே."

அடுத்தது ஒருவன் தலை குனிந்திருக்க இன்னொருவன் மழித்துக்கொண்டிருக்கும் படம். அதையும் சொன்னேன். தாளைப் புரட்டினேன். சவப்பெட்டியைத் தோளில் தூக்கிப் போகிறவர்கள். சத்தமில்லாமல் அதைத் தாண்டினேன்.

"இவன் தயிர் விக்கிறவன்."

"நோ."

நான் நிமிர்ந்தேன்.

"பார்பருக்குப் பிறகு தயிர் இல்லை. செத்த ஆளைத் தூக்கிக்கொண்டு போறவை. நீங்கள் ஸ்கிப் பண்ணிட்டீங்கள்."

"இல்லைப் பிள்ளை, ரெண்டு தாள் ஒட்டிக்கொண்டு..."

"அம்மா, சீரியஸ்லி? ஐ ஆம் நொட் எ பேபி. பெட்டிக்கு மேல பச்சைச் சால்வை போட்டிருக்கும். அந்தப் பச்சையை நான் எத்தினை தரம் மிக்ஸ் பண்ணிப் பாத்தன், வரவே இல்லை."

பின்னால் புரட்டினேன். பச்சைதான். மடிப்புகளில் கறுத்து, விளிம்பில் வெளிறி.

"அழுறீங்களா? ஓ மை காட். இட்ஸ் எ பெயிண்டிங்!"

"இல்லையடி."

"அப்ப சொல்லுங்கோ. முன்னுக்குத் தூக்கிறவரின்ர முகம் எப்பிடி இருக்கு?"

"கவலையா இருக்கு."

"இல்லை. அவர் களைச்சுப்போனார். வடிவாப் பாருங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வடிவாகப் பார்த்தேன். களைப்பாகவும் இருக்கலாம். சொன்ன விதம் பிழை என்று திரும்பச் சொல்லவைத்தாள். நான் சொன்னேன். அதுவும் பிழையாம்.