ஏழாம் விதியும் தலைவரின் விண்ணப்பமும்

1. சேர்ந்த நாள்

டில்லி ஜனக்புரியில், ஓய்வு பெற்ற தமிழர்களுக்கான விடுதியில் நான் கேர்டேக்கராகச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். அங்கே பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். சாவிக்கொத்தைத் தருவதற்கு முன்பே டைப் அடித்த விதிமுறைகளைத் தந்தார்கள். அதில் ஏழாவது: தன் துணியைத் துவைத்து, தன் தட்டைக் கழுவிக்கொள்ள முடியாதவர் விடுதியில் தொடரக் கூடாது.

எழுதியவர் கமிட்டித் தலைவர் ராமசுப்பிரமணியன். ஒரு மினிஸ்ட்ரியில் டெபுடி செக்ரட்டரியாக இருந்தவர்.

"இது ஆஸ்பத்திரி இல்லேம்மா. ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா, எல்லாரும் படுத்துண்டுடுவா" என்றார்.

அந்த வருஷமே, பார்வை மங்கிப்போன ஒருவரை அவ்விதிப்படி ரயிலேற்றினோம். தலைவரே ஸ்டேஷனுக்கு வந்து, மாலை போட்டு வழியனுப்பினார்.

2. குழாயடி

தண்ணீர் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் வரும். வாளிகளை வரிசையில் வைப்பதற்கும் சீனியாரிட்டி உண்டு. முதல் வாளி தலைவருடையது. கடைசி வாளி, கமிட்டிக் காரியதரிசி ஞானப்பிரகாசத்துடையது. அவர் தலைவரின் மினிஸ்ட்ரியிலேயே செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். அவர் எழுதிய நோட்டுகளை அடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அந்நாளில் தலைவரின் முக்கிய வேலை என்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில் தலைவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. "டில்லிக் குளிர்" என்றார். வெயில் வந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. கொடியில் அவர் வேட்டி மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். பிழிய முடியவில்லை.

திடீரென்று ஒரு நாள் வேட்டி சொட்டவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஞானப்பிரகாசம் தலைவரின் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"வாளி மாறிப்போச்சும்மா."

மறுநாளும் மாறியது. மூன்று மாதம் தினமும் மாறியது. தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. விதிப்படி நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதவில்லை.

3. விண்ணப்பம்

ஆனால் ஒரு மத்தியானம், எல்லோரும் பார்க்க, கழுவிக்கொண்டிருந்த தட்டு தலைவரின் கையிலிருந்து நழுவி உருண்டது. சாயங்காலம் அவரே என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஏழாம் விதிப்படி தன்னை விடுவிக்கக் கோரும் விண்ணப்பம்.

"எங்க சார் போவீங்க?" என்று கேட்டேன். அவர் மகன் பம்பாயில் ஒற்றை அறையில் ஐந்து பேரோடு இருந்தது எனக்குத் தெரியும்.

"அது விதியில இல்லையேம்மா."

கமிட்டி கூடியது. ஞானப்பிரகாசம் விண்ணப்பத்தையும், தலைவர் விடுதியில் சேர்ந்தபோது கொடுத்த ஃபாரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகல சார். இது நீங்க போட்டதுதான்னு கமிட்டி எப்படி எடுத்துக்கும்?"

"நான்தான் உம்ம எதிர்லயே உக்காந்திருக்கேனே."

"வாயால சொன்னது ரெகார்ட் ஆகாதுன்னு நீங்கதான் எனக்கு எழுதி அனுப்புவீங்க. சரியான கையெழுத்தோட மறுபடி குடுங்க."

தலைவர் மறுபடி எழுதினார். மறுபடியும் திரும்பியது. நடுங்கும் கையில் எந்தக் கையெழுத்து ஒத்துப்போகும்? நான்காவது முறை திரும்பியபோது, ஆட்சேபணைக் குறிப்பை நிதானமாக இரண்டு தரம் படித்தார்.

"நோட் நன்னா எழுதியிருக்கீர்" என்றார்.

முப்பது வருஷத்தில் அவர் வாயால் கேட்ட முதல் பாராட்டு என்று ஞானப்பிரகாசம் பிறகு என்னிடம் சொன்னார்.

ஏழாம் விதியை யாரும் நீக்கவில்லை. தலைவர் இன்னும் ஆறு வருஷம், தலைவராகவே, அங்கே இருந்தார்.

இரக்கப்பட்டு இருக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார். அதன் பிறகு நான் வேலை பார்த்த விடுதிகளில், வீம்பு பிடிக்கும் பெரியவர்களிடம் கெஞ்சுவதை விட்டுவிட்டேன். மாத்திரை வேண்டாம் என்பவரிடம், "சரி சார், காரணத்தை எழுத்துமூலமா குடுத்துடுங்க" என்பேன். முக்கால்வாசிப் பேர், பேனாவைத் தேடி எடுப்பதற்குள் விழுங்கிவிடுவார்கள்.