புதன்கிழமை வெயில்

அப்பாவுக்கு வெயிலை அளப்பதுதான் உத்தியோகம். கரோல் பாக்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மற்ற இரண்டு வீட்டு அப்பாக்களும் டிபன் டப்பாவோடு ஏதோ ஓர் அரசாங்க பவனுக்குப் போய், கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு, ஆறரை மணிக்குத் திரும்பி வருவார்கள். என் அப்பா நகரத்தின் ஓரத்தில் இருந்த ஓர் அரசாங்க விவசாயப் பண்ணைக்குப் போவார். அங்கே வேலி போட்ட புல்தரை ஒன்றில் வெப்பமானிகளும் மழைமானியும் காற்றில் சுற்றும் கிண்ணங்களும், தண்ணீர் ஆவியாவதை அளக்கும் தொட்டியும் இருந்தன. அவற்றைக் குறித்த நேரத்தில் பார்த்து எண்களை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

அந்தக் கருவிகளில் எனக்குப் பிடித்தது கண்ணாடி உருண்டைதான். ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் பின்னால் மணிக்கணக்குக் கோடுகள் போட்ட நீல அட்டை ஒன்றைச் செருகி வைப்பார்கள். வெயில் உருண்டைக்குள் புகுந்து ஒரு புள்ளியில் குவிந்து அட்டையைப் பொசுக்கும். சூரியன் நகர நகர, பொசுங்கிய புள்ளி கோடாக நீளும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். அஸ்தமனத்துக்குப் பிறகு அப்பா அட்டையை எடுத்து, பின்பக்கம் தேதியும் கிழமையும் எழுதிவிட்டுப் புதியதைச் செருகுவார். வாரம் முடிந்ததும் அட்டைகளை உறையில் போட்டு ஒட்டி மேலதிகாரிக்கு அனுப்புவார். "மத்த ஆபீஸ்ல மனுஷன் கையெழுத்துப் போடுவான். எங்க ஆபீஸ்ல சூரியனே போடுது" என்று அவர் ஒரு தடவை சொன்னதை நான் வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த ஜனவரியில் சூரியன் கையெழுத்தை நிறுத்திவிட்டது. பனிமூட்டம் இறங்கி ஒரு வாரத்துக்கும் மேல் ஆகியும் கலையவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆகியும் காயாமல் நாற ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை பூகோள டீச்சர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு வந்து, பொருத்தமாகவோ பொருத்தமில்லாமலோ, சூரியனைப் பற்றிப் பாடம் எடுத்தார். சூரியன் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. கடலின் தண்ணீரை மேகமாக மேலே தூக்குவதும் அதே சூடுதான். லூ என்கிற அனல்காற்று அடிப்பதும், புழுதிப் புயல் வருவதும், ஆடியில் மழை பெய்வதும் ஒரே அடுப்பின் சமையல். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஸப் சூரஜ் கா கேல் ஹை" என்று முடித்தார். எல்லாம் சூரியனின் விளையாட்டு.

நான் கையைத் தூக்கி, என் அப்பா அந்தச் சூரியனைத்தான் தினமும் அளக்கிறார் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அரே, சூரஜ் தோ ஆயா ஹீ நஹீ! தேரே பாப்பா கர்தே க்யா ஹை?" என்றாள். சூரியன்தான் வரவே இல்லையே, உன் அப்பா அங்கே செய்வதுதான் என்ன என்று கேட்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சால்வைக்குள் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"நேத்து எங்கப்பாவோட இடத்துல வெயில் அடிச்சுது" என்று ஹிந்தியில் சொன்னேன். "அட்டையிலேயே இருக்கு. நானே பாத்தேன்."

"அச்சா?" என்றார் டீச்சர். "அப்படியானால் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டு. எல்லாரும் பார்க்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு டியூட்டி. தம்பி பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். புல்தரையை ஒட்டி ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே மங்கத்ராம் என்ற உதவியாளர் ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தார். ஹரியானா கிராமத்துக்காரர், அப்பாவைவிடப் பத்து வயது பெரியவர். என்னைக் கண்டால் "ஆவோ பிட்டியா", வா மகளே, என்று தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்வார். சுவரில் ஹனுமான் காலண்டர் தொங்கியது. அதற்கு முன்னால் ஊதுபத்தி ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

அப்பா வெப்பமானிகளைப் பார்க்கப் போனார். மங்கத்ராம் டீ வாங்கப் போனார். மேஜைமேல் அந்த வாரத்து அட்டைகள் ஒட்டாத உறைக்குள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொட்டுக் கறுப்பு இல்லை. புது அட்டை எடுக்கலாம் என்றால் அதில் அப்பாவின் கையெழுத்தில் தேதி இருக்காது, டீச்சர் நம்பமாட்டார். புதன்கிழமை அட்டையை உருவினேன். ஊதுபத்தியின் கனலும் நுனியைப் பதினொரு மணிக் கோட்டில் வைத்தேன். அட்டை பழுப்பாகிக் கறுத்தது. மெல்ல இழுத்தேன். கை நடுங்காமல் இரண்டு மணிக்கு முன்பு வரை கொண்டுவந்துவிட்டேன். பார்க்க நிஜ வெயில் போலவே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது பயம் இல்லை, பெருமை. அதைச் சொல்லத்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைப்பதற்கு முன் வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பதறிப்போய் உறைக்குள்ளேயே திணித்தேன். அப்பா உள்ளே வந்து ரிஜிஸ்டரை எழுதினார். பின்னாலேயே மங்கத்ராம் டீயோடு வந்தார். அப்பா சொன்னதும் பசை தடவி உறையை ஒட்டி, அதிகாரிக்குப் போகும் பைக்குள் போட்டார். நான் வெறும் கையோடு வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை டீச்சர் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் நாலைந்து பொய்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார். பின் பெஞ்சுக்காரியும் மறந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. தம்பிக்குச் சளி பிடித்து இரவெல்லாம் அழுததால் அம்மா மறுபடியும் என்னை அப்பாவோடு அனுப்பிவிட்டாள். அன்று அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாளில் அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அவரும் தமிழர்தான், கும்பகோணத்துப் பக்கம். மேஜைமேல் ரிஜிஸ்டரும் புதன்கிழமை அட்டையும் கிடந்தன. மங்கத்ராம் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"ரிஜிஸ்டர்ல சைபர் போட்டிருக்கீங்க. அட்டையில கிட்டத்தட்ட மூணு மணி நேரம் இருக்கு. எதுங்க பொய்?" என்றார் அதிகாரி.

"நான் எழுதினதுதான் சார் சரி" என்றார் அப்பா.

"எனக்கும் தெரியும். இதைப் பாருங்க." அவர் ஒரு வரைதாளை விரித்தார். வெப்பநிலையை வரையும் பேனா அந்தப் புதன்கிழமை முழுவதும் படுத்த வாக்கில் கோடு போட்டிருந்தது. "மூணு மணி நேரம் வெயில் அடிச்சிருந்தா தரை சூடாயிருக்கும். காத்து எழும்பியிருக்கும், பனி கலைஞ்சிருக்கும். கிண்ணம் சுத்தவே இல்ல. தொட்டியில தண்ணி நூலளவுகூடக் குறையல. ஒரு கருவிக்கும் தெரியாம உங்க உருண்டைக்கு மட்டும் சூரியன் வந்துட்டுப் போச்சா?"

பூகோள டீச்சர் சொன்ன அதே பாடம். தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பேன். வெயிலைப் பொய்யாகச் செய்வதென்றால் காற்றையும் சூட்டையும் பனியையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது ஊதுபத்தியைக் கையில் எடுத்தபோது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கி ஹனுமான் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்க யார் யார் வந்துபோறாங்க?"

"நானும் மங்கத்ராமும்தான் சார்."

"இவன் பீடி குடிப்பானா?"

அப்பா அட்டையை மேஜைமேல் வைத்தார். அதன் விளிம்பு மேஜை விளிம்போடு ஒட்டி நிற்கும்படி நேராக்கினார்.

"குடிப்பான் சார்."

அதுவரை பேசியதில் மங்கத்ராமுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. பீடி என்ற சொல் மட்டும் புரிந்துவிட்டது. சாகிப்புக்கு வேண்டுமோ என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்து, கோட்டுப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

அதிகாரி ஹிந்திக்கு மாறினார். அட்டையைப் பீடியால் பொசுக்கி விளையாடுகிறாயா, திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பக்கம் வராதே, பண்ணை கேட்டில் போய்க் காவலுக்கு நில் என்றார். மங்கத்ராம் நீட்டிய கையை மடக்கவே மறந்து நின்றார். "மைனே குச் நஹீ கியா ஸாஹப்" என்றார். தான் ஒன்றும் செய்யவில்லை என்பதை இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "பாபுஜி, ஆப் தோ போலியே" என்றார். நீங்களாவது சொல்லுங்கள் என்கிறார். அப்பா ரிஜிஸ்டரைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைத் தேடினார்.

அந்த அறையில் தமிழும் ஹிந்தியும் தெரிந்து, நடந்ததும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் ஷூவின் நாடாவை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடியும் அவிழ்த்தேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்காரனிடம் அப்பா எனக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கித் தந்தார். எலுமிச்சை பிழிந்து மசாலா தூவிய கிழங்கைக் குச்சியால் குத்திக் குத்தித் தின்றேன். அவர் தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, ஸ்கூல்ல யாராவது உன்னை ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"சரி" என்றார்.

அந்த மாதக் கடைசியில் வெயில் வந்தது. மொட்டைமாடிகளில் ரஜாய்கள், பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள், உலர்ந்தன. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பண்ணைப் பக்கம் போனேன், அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அம்மாவோடு. கேட்டில் மங்கத்ராம் காக்கிக் கோட்டில் நின்றார். தலையில் மப்ளரைச் சுற்றியிருந்தார். "கைஸீ ஹோ பிட்டியா?" என்று நலம் கேட்டுச் சிரித்தார். அம்மா அவரிடம் வீட்டு நலம் விசாரித்தாள். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய், யாரோ தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டேன்.

கோடையில் அப்பாவுக்கு மாற்றல் ஆனது. மத்திய அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் வேலை, ஜன்னலே இல்லாத அறை. தானாகவே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அம்மாவுக்கு ஆறவில்லை. "இருபது வருஷமா வானத்தைப் பாத்துட்டிருந்த மனுஷன், திடீர்னு எதுக்குங்க இது? யாராவது விரட்டினாங்களா?" என்று இரண்டு நாள் கேட்டாள். அவர் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பிள்ளைகளுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்.

குவார்ட்டர்ஸும் கிடைத்தது. லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு அறை, ஒரு பால்கனி. சாமான்களை டெம்போவில் ஏற்றிய அன்று மாடி வீட்டு மாமி கீழே இறங்கி வந்து விசாரித்தாள். அப்பா பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் முந்திக்கொண்டு, "அப்பாவுக்கு புரமோஷன் மாமி, அவர் இப்ப பெரிய ஆபீசர்" என்றேன். மாமி, "அப்படியா, சொல்லவே இல்லையே, ஸ்வீட் எங்கே?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா குனிந்த தலை நிமிராமல், கட்டிய முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் கட்டினார். காது மடல் சிவந்திருந்தது.

அப்பாவுக்கு வெட்கம் என்று நான் மாமியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.