புகைபோட்ட டீ ஷர்ட்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பலசரக்குச் சாமான் பட்டியல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருஷங்களும் முன்னே பின்னே ஆகிவிடும், மறதி. சிறுவயது நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். என் சிறுவயதில் எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் என் அண்ணன் மகளின் சிறுவயதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு ஓரமாக நானும் இருக்கிறேன்.

குலசேகரத்துக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். வீட்டில் மதினி, அவளுடைய மகன், மகள், நான். பால்வெட்டுகிறவர் கொண்டுவரும் பாலை உறையவைத்து, உருளை மிஷினில் கொடுத்து ஷீட் அடித்து, புகைப்புரையில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகைபோடுவது என் வேலை. மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு மிஷின் புரை, அந்தத் தகரக் கொட்டகை, சும்மாதான் கிடக்கும்.

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணன் ஒரு மியூசிக் செட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அண்ணன் மகன் அப்போது இன்ஜினியரிங் காலேஜில் படித்தான். அவன் கேட்கிற இங்கிலீஷ் கூச்சல் பாட்டை வீட்டுக்குள் போட மதினி விடவில்லை. அவன் செட்டைத் தூக்கிக்கொண்டுபோய் என் மிஷின் புரையில் வைத்தான். லீவு நாள் சாயங்காலம் ஆனால் அவனுடைய காலேஜ் கூட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். நாகர்கோவிலிலிருந்து மதினியின் அண்ணன் மகனும் வருவான். எங்கள் பிள்ளைகளுக்கு அவன் மச்சான். எல்லாரும் கறுப்பு டீ ஷர்ட். பாலூற்றும் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். பாதி நேரம் பாட்டு. மீதி நேரம் சண்டை.

அண்ணன் மகன் மெட்டல் கட்சி. மச்சான்காரன் ராக் கட்சி.

“லேய், உன் ஆளு பாடுதானா, இல்ல பல்லு வலியில கெடந்து கூவுதானா?” என்பான் மச்சான்காரன்.

“உன் பாட்டு தாலாட்டுலே. கேட்டா எனக்கு உறக்கம் வருகு,” என்பான் இவன்.

“ராகம் வேண்டாமாடே? வெறும் சத்தத்துக்கு இங்க எதுக்கு வரணும், உங்க அத்தைக்க மிஷின சுத்துனாப் போதும்லா?” அத்தை என்றது என்னைத்தான்.

கூட்டத்தில் ஒரு மெலிந்த பையன் இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ள மாட்டான். எந்தப் பாட்டுக்காரன் பேரைச் சொன்னாலும், “மொத ரெண்டு கேசட்டு கொள்ளாம். பொறவு எல்லாரும் கேக்கத் தொடங்கினானுவ, கெட்டுப்போச்சு,” என்பான். பத்துப் பேருக்குப் பிடித்துவிட்டால் அவனுக்கு அந்தப் பாட்டு ஆகாது.

எங்கள் ரோட்டில் நாலு கிறிஸ்தவ சபை உண்டு. ஒன்றிலிருந்து கோபித்துப் பிரிந்தது அடுத்தது, அதிலிருந்து பிரிந்தது அதற்கடுத்தது. மெட்டலும் அப்படித்தான் இருந்தது. ஹெவி என்றார்கள், திராஷ் என்றார்கள், டெத் என்றார்கள். ஒவ்வொன்றும் தான் மட்டுமே பரலோகம் போகும் என்று சொல்லிற்று.

அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயது. அந்தப் புரைக்குள் போய் உட்கார வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய ஆசை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பாட்டுக்காரர்களின் பேரை வேதவசனம்போல மனப்பாடம் செய்தாள். உள்ளே மட்டும் விடமாட்டார்கள். ஒரு நாள் அவள் வாசலில் கால் வைத்ததும் அவளுடைய அண்ணன் கையை நீட்டித் தடுத்தான்.

“கறுப்பு உடுக்காத ஒருத்திக்கும் இங்க எடமில்ல. போ எட்டி, போயி சினிமாப் பாட்டு கேளு.”

“கறுப்பு உடுத்தா விடுவியா?”

“உடுத்திட்டு வா, பாப்போம்.”

அவளிடம் கறுப்புத் துணி ஒன்றுகூடக் கிடையாது. பெண்பிள்ளைக்குக் கறுப்பு எடுக்க மதினிக்கு மனம் வராது, துக்க வீட்டு நிறம் என்பாள். வருகிற சனிக்கிழமை மச்சான்காரன் புது சிடி கொண்டுவருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போய்விடுவான், காலேஜ் திறந்துவிடும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

புகைப்புரையின் உள்சுவர் கரிபோல இருக்கும். கூரைக் கம்பும் அப்படியே. நான் அங்கே உடுத்துகிற சேலையும் நிறம் மங்கிப்போனதுதான். பத்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் பார்த்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் ஷீட்டைத் திருப்பிப்போட உள்ளே போனேன். மேல் வரிசையில், ஷீட்டுகளுக்கு நடுவில், அண்ணன் அவளுக்கு அனுப்பியிருந்த வெள்ளை டீ ஷர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஷீட்டைப்போலவே இழுத்து, சுருக்கம் எடுத்து, ஒழுங்காகப் போட்டிருந்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது.

எடுத்துவிடலாம் என்று கை போனது. நிறம் அப்போதே பழுத்த இலைபோல ஆகிவிட்டிருந்தது. அலசினாலும் பழைய வெள்ளை திரும்பாது. கறுப்பாவது வரட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்து அடுப்பில் நாலு தேங்காய்த் தொண்டு, உரித்த மட்டைதான், கூடுதலாகப் போட்டு மூடினேன். அந்த வாரத்து ஷீட் எல்லாம் அளவுக்குமேல் கறுத்துப்போயிற்று. ஷீட் எடுக்கிற கடைக்காரர் கேட்டபோது விறகு ஈரம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் டீ ஷர்ட் கறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் அதைப் போட்டுக்கொண்டு புரை வாசலில் நின்றபோது, அது கருப்பட்டி நிறத்தில் இருந்தது. கம்பு பட்ட இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. வாசமோ, அவள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மச்சான்காரன் மூக்கை உறிஞ்சினான். “இதாருடே, ஷீட் ஒண்ணு தனியா நடந்து வருகு! எத்தன நாளு காயப்போட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் எழுந்துவிட்டான். “அப்பா அனுப்புன உடுப்புட்டி! நாசமாக்கிட்டியே!”

“நாலு நாளு போட்டேன், கறுப்பா வரும்னு நெனச்சேன்,” என்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் கால் நகரவில்லை. “புகைப்புரை கறுப்பாத்தானே இருக்கு?”

மச்சான்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தன் டீ ஷர்ட்டைப் பார்த்தான்.

“மக்களே, நம்ம உடுப்பெல்லாம் கடையில வாங்குனது. இவ நாலு நாளு புகை போட்டு உண்டாக்குனது. அசலு அசலுன்னு நாம பேசுகோமே, இவதான்டே அசலு.”

மெலிந்த பையன்கூட, “சரிதான். இது வேற ஒருத்தர்கிட்டயும் கெடையாது,” என்று ஒத்துக்கொண்டான். அவளுடைய அண்ணன் ஒரு நிமிஷம் முறைத்தான். பிறகு ஒரு வாளியைக் காலால் தள்ளி அவள் பக்கம் விட்டான்.

உட்காரவைத்ததும் பரீட்சை தொடங்கிற்று. அவளுடைய அண்ணன் ஒரு பாட்டு போட்டான். மச்சான் ஒரு பாட்டு போட்டான். எது நல்லது என்று அவள் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நன்றாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?”

அந்த லீவு முழுக்க ஒத்துப்போகாத இரண்டு பேரும் அப்போது ஒரே வாயாகக் கத்தினார்கள். “எட்டி, உனக்கு ஒரு மண்ணும் தெரியாது!” அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டை இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டும்வரை எடுத்தார்கள். மூன்று முழத்துக்குள் யாரும் நெருங்க முடியாத அந்த டீ ஷர்ட்டோடு, அவள் நடுவில் ராணிபோல இருந்தாள்.

நான் வாசல் தூணில் சாய்ந்து நின்றேன், கையில் ஒரு கட்டு விறகு. அவள் இரண்டு தடவை திரும்பி என்னை முறைத்தாள். வீட்டுக்கு வரும்போது, “வயசுப் பயலுவளுக்க எடையில நான் தனியா இருக்கேன்னு அம்மதான உங்கள காவலுக்கு விட்டா? எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு அத்தே,” என்று சண்டை போட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அத்தை காவல் நின்றதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள்.

மதினி அன்றைக்குச் சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். யாரும் என்னை அனுப்பவில்லை. முந்தின வாரம் புகைப்புரைக்கு விறகு அடுக்கும்போது ஒரு பாட்டு காதில் விழுந்தது. முதலில் ஒரு கிட்டார் மட்டும், பச்சை ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதுபோல விட்டுவிட்டு வரும். பிறகு கொட்டெல்லாம் ஒன்றாக விழும், கூரைத் தகரம் அதிரும். கடைசியில் பாடுகிறவன் தொண்டை அடைத்து நிறுத்திவிடுவான், கிட்டார் மட்டும் மறுபடி சொட்டும். அதை இன்னொரு தடவை போடுவார்களா என்றுதான் நின்றேன். போட்டார்கள். எனக்கு வாளி தள்ளிவிட யாருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் வருஷமும் பிள்ளைகளின் வயதும் சரிதானா என்று என் அண்ணன் மகனிடம் யாராவது கேட்டுத் திருத்திவிட வேண்டும். கேட்கிறபோது அந்தப் பாட்டின் பேரையும், அது எந்தக் கட்சிப் பாட்டு என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டால் நல்லது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.