முதல் நரம்பு

எங்களை டிசெக்‌ஷன் ஹாலுக்குள் முதன்முதலாக அழைத்துப்போன அன்று, கதவைத் திறந்ததுமே பாதி வகுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டது. ஒரு பையன் வெளியே ஓடிப்போய்ச் செடியோரம் வாந்தி எடுத்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற குறிஞ்சிப்பாடிப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எப்டிடி நிக்கற நீ?" என்றாள். எனக்குக் கண் எரிந்தது, நீர் கொட்டியது, அவ்வளவுதான். மேசையில் கிடந்த உடலுக்கு அருகே பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். பேராசிரியர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணப் பாருங்க, சர்ஜன் ஆவும்" என்றார். சிதம்பரத்தில் என் மருத்துவப் படிப்பு இந்தப் பாராட்டோடுதான் தொடங்கியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குப் பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவளுக்கு மீன் நாறாது என்றால் யார் நம்புவார்கள்? அதனால் நம்பவைக்கும் வேலையே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். தாளிக்கிற சத்தம் கேட்டதும் வாசலிலிருந்தே, "வாசன தூக்குதும்மா" என்பேன். சிதம்பரம் பஸ் கெமிக்கல் கம்பெனிகள் நிறைந்த குடிகாட்டைத் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரர்கள் மூக்கை மூடினால், நானும் துப்பட்டாவை இழுத்து மூடுவேன். ஒருநாள் ஒரு அம்மா தும்முவதற்காகத்தான் முந்தானையை எடுத்திருக்கிறார். அவரைப் பார்த்து நானும் மூடிக்கொண்டு, ஆலப்பாக்கம் வரை மூச்சுமுட்ட உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் சேர உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எடை பார்த்தார். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என்றைக்காவது ஒருவருக்கு ஞாபகம் வரும், அன்றைக்கு என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். இதைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் மருத்துவ சீட்டு வாங்கிய முதல் ஆள் நான். மாதா கோயில் முனையில் என் முகத்தை ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸில் அடித்து வைத்திருந்தார்கள். அப்பா ஒருபடி மேலே போய், நான் முதல் வருடப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே தன் ஆட்டோவில் சிவப்பு பிளஸ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். திருப்பி அனுப்பினால் நான் எந்த முகத்தோடு அந்த ஆட்டோவில் ஏறுவது?

வெளியே இருப்பவர்களுக்கு எங்களைப் பார்த்தால் பொறாமை. வெள்ளை கோட்டு, கழுத்தில் ஸ்டெத், மரத்தடியில் சிரிப்பு. உள்ளே வந்து பார்த்தால் தெரியும். பள்ளியில் முதல் இடத்தைத் தவிர வேறு எதையும் பார்த்திராதவர்களை ஒரே கூரைக்குக் கீழே அடைத்தால், யாராவது ஒருவர் கடைசியாக வந்துதானே ஆகவேண்டும்? அது நானாகிவிடக் கூடாது என்ற பயத்திலேயே எல்லோரும் பல் தேய்த்தோம், சாப்பிட்டோம். அட்டென்டன்ஸ் குறைந்தால் பயம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஆங்கிலம் வராவிட்டால் பயம். அடுத்த அறைக்காரி நம்மைவிட ஒரு பாடம் முன்னால் போய்விட்டாள் என்றால் அதற்கும் பயம். எனக்கு அவர்களுடைய பயங்களின் மேல் பொறாமையாக இருந்தது. உட்கார்ந்து படித்தால் அவை தீரும். என்னுடையது படிக்கப் படிக்க வளர்ந்தது.

ஃபிசியாலஜியில் மூளை நரம்புகள் பாடம் வந்தது. மொத்தம் பன்னிரண்டு. முதல் நரம்பே வாசனைக்கானது. ப்ராக்டிக்கல் வகுப்பில் ஒருவருக்கொருவர்தான் நோயாளி. கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து, இன்னொன்றில் சின்னப் புட்டியைக் காட்டி, என்ன வாசனை என்று கேட்க வேண்டும். காபித்தூள், பெருங்காயம், கிராம்பு எண்ணெய், பெப்பர்மின்ட்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். பெப்பர்மின்ட் குளிரும், கிராம்பு எண்ணெய் சுள்ளென்று ஏறும். அது வாசனை இல்லை, ஐந்தாவது நரம்பின் வேலை என்று புத்தகம் சொன்னது. டிசெக்‌ஷன் ஹாலில் என் கண் ஏன் எரிந்தது என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. காபிக்கும் பெருங்காயத்துக்கும்தான் வழியில்லை. எனக்கு இரண்டும் வெறும் காற்று. வகுப்பில் இமையிடுக்கு வழியாகப் புட்டியைப் பார்த்துச் சமாளித்தேன்.

வருடக் கடைசிப் ப்ராக்டிக்கல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக வந்தவர் குரலை உயர்த்தவே மாட்டார். குறிஞ்சிப்பாடிக்காரியின் முறை வந்தபோது, என்னை நோயாளியாக ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "ஃபர்ஸ்ட் நெர்வ் டெஸ்ட் பண்ணும்மா. கண்ணுல கர்சீப் கட்டிடு."

அவள் இன்டர்னல் தேர்வுகளில் எல்லாம் கோட்டை விட்டவள். இதிலும் போனால் ஒரு வருடம் போகும். கர்சீப்பை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். புட்டி வந்தது. மூச்சை இழுத்தேன். குளிரவில்லை, சுள்ளென்றும் ஏறவில்லை.

"என்னா வாசன வருது?"

காபி, இல்லாவிட்டால் பெருங்காயம். சரியாகச் சொல்லிவிட்டால் இருவரும் தப்பித்தோம். தப்பாகச் சொன்னால், தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று அவள் பதறுவாள். பதறினால் தன் பெயரையே மறந்துபோகிற ஆள் அவள்.

"சொல்லுடி" என்றாள், அழுகிற குரலில்.

காபி என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதற்குமேல் வரவில்லை.

"தெரியல."

"நல்லா இழுத்துப் பாரு."

"எனக்கு எதுவுமே தெரியாது. பொறந்ததுலேர்ந்து."

முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவின் ஆட்டோதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அவள் பதறவில்லை. இன்னொரு துவாரத்தைப் பார்த்தாள், மற்ற புட்டிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். "சார், ரெண்டு பக்கமும் வாசன இல்ல. குளிர்ச்சி, எரிச்சல் மட்டும் தெரியுது. அது ஃபிஃப்த் நெர்வ் சார்" என்றாள். அவர், "வெரி குட்" என்று எழுதிக்கொண்டார்.

அவள் போனதும் என்னைக் கூப்பிட்டார். "யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"இல்ல சார். என்னை அனுப்பிடுவீங்களா சார்?"

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதுக்கெல்லாம் யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா. ஆனா ஒண்ணு. கேஷுவாலிட்டிக்குப் பூச்சிமருந்து குடிச்சவங்க வருவாங்க. நாங்க வாய்கிட்ட போனாலே கண்டுபிடிச்சிடுவோம். நீ பக்கத்துல இருக்கறவங்களக் கேளு. கேக்க வெக்கப்படாத."

வெளியே வந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மா பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப கேஸ் டியூப் லீக்காயி வீடே நாறுது. நான் கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், நீ அடுப்புகிட்ட உக்காந்து எழுதிகிட்டு இருக்கற. என்னைப் பாத்ததும் லைட்டு போடறேன்மான்னு எழுந்த. ஓடியாந்து கையப் புடிச்சி இழுத்தேன். அன்னைலேர்ந்து தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"நீ டாக்டர் டாக்டர்னு சொல்ல ஆரம்பிச்சிட்ட. கொறையிருக்குன்னு தெரிஞ்சா சீட்டு குடுப்பாங்களா? உங்கப்பாகிட்டகூட வாயத் தெறக்கல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட சொல்லல."

தகுதிச் சான்றிதழ் வாங்கிய அன்று, அறை வாசலில் அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஊசி போடுவார்கள் என்று பயப்படுகிறாள் என நினைத்துக் கிண்டல் செய்திருந்தேன். அவளைத் தேற்றத்தான் எக்ஸ்டர்னல் சொன்னதை வார்த்தை மாறாமல் மறுபடியும் சொன்னேன். யாரும் அனுப்ப மாட்டார்களாம், பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் போதுமாம்.

அம்மா கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நைட்டு டூட்டில பக்கத்துல யாருமே இல்லன்னா?"

"நர்ஸ் இருப்பாங்கம்மா" என்றேன். அம்மா தலையாட்டினாள். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.