கற்பூரம் அடித்துக் கொடுத்த பெட்டி

இதை எழுத நினைத்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கோயில் நோட்டீசுக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய தயக்கம், வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவன் இன்னொருத்தர் மேல் உள்ள ஆத்திரத்தைக் காகிதத்தில் இறக்கலாமா என்பது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடுப்பில் போட்டேன். இந்தத் தடவை போடமாட்டேன். ஏனென்றால் என் மேசையில், ஒரு பழைய துவாயின் மேல், ஒரு மேக்னெட்டோ உட்கார்ந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளில் இஞ்சினோடு ஒட்டினாற்போல் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் கட்டி இருக்கும். பிளக்குக்கு நெருப்புப் பொறி அனுப்புவது அதன் வேலை. அதற்கு பேட்டரி வேண்டாம். சுற்றினால் போதும், தன்பாட்டுக்குப் பொறி போடும்.

போன வாரம் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர் பேரை எழுதமாட்டேன். எங்கள் கடைவீதியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர். இப்போது எங்கள் கோயில் தர்மகர்த்தா. முதலாளி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

துவாயைப் பிரித்ததும் அந்த வாசம் வந்தது. பழைய எண்ணெயும் சூடேறிய அரக்கும் கலந்த வாசம். என் மனைவிக்கு அது தலைவலி. எனக்கு அது இருபத்திரண்டு வயது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா இந்தியாவுக்குப் போகும்போது தன் வண்டியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். பெக்டரியில் தேயிலைக் கொழுந்து காயவைக்கிறவனுக்கு அப்படி ஒரு வண்டி. காலையில் அதைக் கிளப்ப ஐந்து உதை, மழைக் காலத்தில் பத்து. ஒவ்வோர் உதைக்கும் முருகா என்பேன். பனிமூட்டத்தில் மேக்னெட்டோவுக்குள் பொறி கிளப்புகிற பொயின்ட் ஈரமாகிவிடும். அதன் மூடியைக் கழற்றி, சுவெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக் காயவைத்து மாட்டுவேன். லயத்து வரிசை வீடுகளின் பெண்பிள்ளைகள் பீலித் தண்ணிக்குப் போகும்போது, "அண்ணன் வண்டிக்குப் பால் குடுக்கிறாரு" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. வேறு யாரையும் குறை சொல்வதற்கு முன் இதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலாளியும் அதே மாதிரி வண்டி ஒன்று வைத்திருந்தார். ஓடாத வண்டி. மேக்னெட்டோ எரிந்துபோய், அதற்கு மாற்று இந்தத் தீவிலேயே கிடைக்கவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. பிளக் வாங்கப் போன என்னை உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்து, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"எலக்ட்ரோனிக் தம்பி. பொயின்ட் கிடையாது, ஈரம் கிடையாது. ஒரே உதை."

"நம்ம பழைய வண்டிக்கு சரிவருங்களா மொதலாளி?"

"அதுக்குன்னே செஞ்சது. பழைய கட்டியை எங்கிட்டயே போட்டுட்டுப் போங்க, பெட்டியை நானே மாட்டித் தர்றேன்."

நான் யோசித்தேன். வேறு யாராவது என்றால் காரண்டிக் கடுதாசி கேட்டிருப்பார்கள். நான் கேட்டது வேறு. அவர் மேசைக்குப் பின்னால் முருகன் படம். அதைப் பார்த்துக்கொண்டு, "சாமி மேல சொல்லுங்க மொதலாளி" என்றேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. கற்பூரத்தை ஏற்றி, "இந்தப் பெட்டி தம்பியை நடுவழியில விடாது" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷன் கற்பூரம் அடித்த பிறகு காகிதம் எதற்கு? மேக்னெட்டோவின் அடியில் ஆணியால் ஒரு சின்ன வேல் கீறியிருந்தேன். அதைக் கும்பிட்டுவிட்டு, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரே உதையில் கிளம்பியது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு மாதம் ராஜா மாதிரி ஓடினேன். பெண்பிள்ளைகளும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்த நேரத்தில்தான் என் தங்கச்சி சரசுக்கு ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. எங்கள் லயத்தில் ஏ.எல். பாஸானவள் அவள் ஒருத்திதான். நுவரெலியாவில், காலை எட்டரைக்கு. எங்கள் தோட்டத்துக்கு முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாளே வேன் பேசச் சொன்னார். "எதுக்குங்க, வண்டி இருக்கே" என்றேன். அந்த வாய்க்கு நான் இன்னும் தண்டனை கொடுத்து முடிக்கவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவள் மடியில் சர்டிபிகேட் உறை, பொலித்தீனில் சுற்றி. அன்றைக்கு இறங்கின மூட்டத்தில் முன் சக்கரமே தெரியவில்லை. லைட்டைப் போட்டேன். மேடு முழுக்க இரண்டாம் கியர். நானுஓயாவுக்கு இன்னும் நாலு கட்டை, நாலு மைல், இருக்கும்போது வண்டி இருமியது. லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, இஞ்சின் நின்றது. உதைத்தேன். கிக்கர் திருப்பி என் கணுக்காலில் அடித்தது. முருகா என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை.

"அண்ணே, நடப்போம்" என்றாள் சரசு.

நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள், நான் நொண்டிக்கொண்டு பின்னால். நானுஓயாவில் வேன் நிரம்பக் காத்திருந்து, ஒபிஸுக்குப் போய்ச் சேரும்போது பத்து தாண்டிவிட்டது. கதவடியில் இருந்த பெரியவர் லிஸ்டைப் பார்த்து, "இவராய் நங்கி" என்றார். முடிந்துவிட்டது தங்கச்சி என்று அர்த்தம். மூன்று தடவை பேர் கூப்பிட்டார்களாம். சரசு அழவில்லை. உறையில் இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன்.

"லைட்டு போட்டீங்களா தம்பி?" என்றார் முதலாளி.

"மூட்டத்துல லைட்டு போடாம எப்படிங்க வர்றது?"

"அதான். உங்க வண்டிக்கு ஆறு வோல்ட் டைனமோ. மெதுவா ஏறுறப்ப அது சார்ஜ் குடுக்காது. லைட்டும் பெட்டியும் சேந்து பேட்டரியைத் தின்னுரும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே."

"கற்பூரம் அடிச்சீங்களே மொதலாளி."

"பெட்டிக்குத்தானே அடிச்சேன். பெட்டி நல்லாத்தான் இருக்கு. செத்தது உங்க பேட்டரி."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மேக்னெட்டோவைத் திருப்பிக் கேட்டேன். அது கைமாறிப் போய்விட்டது என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மாதிரிப் பெட்டியெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வோல்ட் வண்டியில், நல்ல சார்ஜில், அருமையாக ஓடும் என்று பிறகு தெரிந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் மலைக்கும் மூட்டத்துக்கும் என் கிழட்டு டைனமோவுக்கும் அது ஆகாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கற்பூரம் ஏற்றினார்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடுத்த ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பழைய வண்டிகள் ஊர்வலம் போனது. முதலாளி தன் வண்டியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையசைத்தபடி வந்தார். நிறுத்தின இடத்தில் நான் குனிந்து பார்த்தேன். மேக்னெட்டோவின் அடியில் என் வேல்.

அன்று சாயந்திரம் முனியாண்டி கல்லில் உப்பும் மிளகாயும் வைத்து அரைத்தேன். அவர் வயிறு எரிய வேண்டும் என்று கேட்டேன். கண் எரிந்தது எனக்குத்தான். அவர் கடைக்கு இன்னொரு மாடி எழும்பியது. பிறகு தர்மகர்த்தாவும் ஆனார். நான் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அவர் திருநீற்றுத் தட்டோடு வரிசையில் வரும்போது கையை நீட்டாமல் பின்னால் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு வெள்ளியும், எல்லோர் முன்னாலும். பக்கத்தில் நிற்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். சொல்வேன். அவருக்குக் கேட்கும்படி சொல்வேன். அந்த நேரத்தில் என் மனசு குளிர்வதை முருகன் அறிவான். அது தப்பென்றால் அவனே கேட்கட்டும்.

போன வாரம் கைத்தடி ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பசங்க வண்டியை வித்துட்டானுங்க தம்பி. இதை மட்டும் கழட்டி வச்சேன். கும்பாபிஷேகத்துக்கு முந்தி என் கையால ஒரு திருநீறு வாங்கிக்கிட்டீங்கன்னா போதும்."

"அந்த மன்னிப்பு எங்கிட்ட இல்லீங்க. சரசுகிட்ட கேக்கணும்."

இதுவரைக்கும் உள்ளதை எழுதி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சரசு அப்போதுதான் மலையிலிருந்து வந்து, விரலில் ஏறின கொழுந்துக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவள் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குத்தான் போகிறாள். கையைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள். கடைசியில், பக்திமான் எழுதினால் இப்படித்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்து, 'ஆனாலும் மன்னித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன்.

"இது யாரு மன்னிச்சது?"

"நாந்தான்."

"ஒபிஸ் வாசல்ல நின்னது யாருண்ணே?"

"நீ."

பேனாவை வாங்கி, அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். ரூல் வைத்தது மாதிரி நேர்க்கோடு, வாத்தியாரம்மா கோடு.

"கட்டியைக் குடுத்தா சரியாப் போச்சா? கோயில்ல எல்லாரும் இருக்கையில, அன்னிக்கு அடிச்ச கற்பூரம் பொய்யின்னு அவரு வாயால சொல்லட்டும். பெறகு நீங்க கையை நீட்டுங்க."

போய்ச் சொன்னேன். முதலாளி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

என் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாங்கள் நடந்த ரோட்டில் இப்போது வழவழவென்று தார் கார்ப்பெட் போட்டுவிட்டார்கள். மூட்டத்திலும் வேன்கள் பறக்கின்றன. முதலாளியின் கடையில் போன் விற்கிறார்கள். அந்த ஒபிஸ் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. சரசுக்கு வயது தாண்டிவிட்டது. மேக்னெட்டோ மட்டும் திரும்பி வந்திருக்கிறது, மாட்ட வண்டியில்லாமல். நேற்று அதன் வயரைப் பிடித்துக்கொண்டு கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். சுருக்கென்று அடித்தது.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள். ஒரு சொல்லையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். முக்கியமாக, சரசு கோடு போட்ட வரியை யாரும் இரக்கப்பட்டுத் திரும்ப எழுதிவிடாதீர்கள்.