அரியலூர் சாலையில் அண்ணி குடித்த டீ

பிப்ரவரி 3, திங்கட்கிழமை, மாலை 6.10. அயர்லாந்தில் இருக்கும் என் மகள் கைப்பேசியில் அனுப்பிய செய்தி இது: "அம்மா, நீங்களும் அத்தையும் எத்தனை நாளைக்கு இப்படி ஆளுக்கொரு வீட்டுக்குள்ளயே கிடப்பீங்க? ஒரு வண்டி எடுத்துக்கிட்டுப் பாக்காத இடமாப் பாத்துட்டு வாங்க. சாயங்காலம் நல்ல இடத்துல உட்கார்ந்து ஆசை தீர டீ குடிங்க. உங்களுக்குன்னு ஒரே ஒரு நாள்." கூடவே ஒரு படம். மூன்றடுக்குத் தட்டில் குட்டி ரொட்டிகளும் கேக்குகளும் அடுக்கி, பக்கத்தில் பூப்போட்ட கோப்பை. அவளும் தோழிகளும் மாதம் ஒரு புது ஊருக்குப் போய் இப்படி டீ குடிப்பார்களாம்.

அவள் அத்தை என்று சொன்னது என் அண்ணியை. என் அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். போன ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, லாரியை சிமெண்ட் ஆலையில் விட்டுவிட்டு வந்து, அரியலூருக்கு வெளியே ஏதோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். யாரோ ஒருவர் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி விக்கிரமங்கலம் அருகே இருக்கும் தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பெரம்பலூரில் இளைய மகனோடு இருக்கிறார்.

சுற்றுலா என்றால் நம் பக்கத்தில் கோவில்தான். துக்க வருஷம் முடியாததால் அண்ணி கோவிலுக்குப் போகக்கூடாது. சொந்தக்காரர் வீடுகளுக்கும் போகக்கூடாது. கோவிலும் வீடும் இல்லாமல் இந்த இரண்டு மாவட்டங்களில் பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்து, ஒரு தடம் போட்டேன். சாத்தனூர் கல்மரம், காரை செம்மண் மேடுகள், பிறகு அரியலூரில் குளிரூட்டிய ஓட்டல் ஒன்றில் சாயங்கால டீ. அண்ணி உடனே சரி என்றதில் எனக்கு ஆச்சரியம். ஏன் சரி என்றார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாசி பிறந்த முதல் சனிக்கிழமை, காலை 10.30. பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து புறப்பட்டோம். வண்டி வாடகை, டீசல் உட்பட 2,800 ரூபாய். ஓட்டுநர் சலீம் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினைந்து வருஷம் துபாயில் வண்டி ஓட்டியவர். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "எந்தக் கோவிலுக்கு மேடம்?"

"கோவில் இல்ல பாய். இவங்களுக்கு வருஷம் கழியல."

கண்ணாடியில் அண்ணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கள்ல இத்தா நாலு மாசம் பத்து நாளு. அதோட சரி. உங்கள்ல வருஷம் முழுக்கவா? ரொம்ப கஷ்டம்மா."

அண்ணி சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "வருஷம் கழிஞ்சா மட்டும் என்னங்க பாய் மாறிடப் போவுது?"

சிறுவாச்சூரைத் தாண்டினோம். அங்கே அம்மன் கோவில் நடை திங்களும் வெள்ளியும்தான் பெரும்பாலும் திறந்திருக்கும். சனிக்கிழமையாய்ப் போனதால், கூட்டத்தைப் பார்த்தபடி இறங்காமல் போகும் சங்கடம் இல்லை. பிறகு இடது பக்கம் திரும்பி, பருத்தி எடுத்து, மக்காச்சோளம் அறுத்து முடிந்த காடுகளுக்கு நடுவே சென்றோம்.

காலை 11.40. சாத்தனூர். கம்பிவேலிக்குள் கல்லாகிப் போன மரம் நீட்டிப் படுத்திருக்கிறது. நீளம் பதினெட்டு மீட்டர். பன்னிரண்டு கோடி ஆண்டு பழையது என்று அறிவிப்பு சொல்கிறது. அப்போது இங்கே கடல் இருந்ததாம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் படித்ததை எல்லாம் அண்ணிக்கு விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "இந்த மரம் எப்ப விழுந்துச்சுன்னு கண்டுபுடிச்சு எழுதி வச்சிருக்காங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒங்கண்ணன் எப்புடி விழுந்தாருன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல மலரு" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கிளம்பியது கல்மரத்துக்காகவும் இல்லை, என் ஓட்டல் டீக்காகவும் இல்லை. அரியலூர் சாலையில் உள்ள டீக்கடைகளில் இறங்கிக் கேட்க வேண்டும். கடைசியாக அண்ணன் பக்கத்தில் இருந்தது யார்? வலி என்றாரா, தண்ணீர் கேட்டாரா, வீட்டுக்கு ஏதாவது சொன்னாரா? "ஒரே ஒரு வார்த்த போதும். அது கெடைக்காம எனக்குச் சோறு எறங்கல." மகன்களிடம் கேட்டாராம். விடும்மா, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றார்களாம்.

பகல் 1.00. காரை. மழை அரித்த செம்மண் மேடுகள் கண்ணுக்கு எட்டியவரை. புல்கூட அடர்ந்து முளைக்காத இடம். புளியமரத்து நிழலில் நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்தோம். சலீம் பாய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அண்ணி பிசைந்தார், அவ்வளவுதான்.

பிற்பகல் 3.10. அரியலூர் ஓட்டல். மகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமே என்று கட்லெட், வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, இரண்டு ஸ்பெஷல் டீ சொன்னேன். மொத்தம் 290 ரூபாய். மூன்றடுக்குத் தட்டு கேட்டதற்குப் பரிமாறுபவர் சிரித்துவிட்டு, ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்து, "ரெண்டடுக்கு ஆச்சு, போதுமாங்க?" என்றார். நானும் சிரித்தேன். ஏழு மாதத்தில் அன்றுதான் நான் சத்தமாகச் சிரித்தது என்று நினைக்கிறேன். திரும்பினால் அண்ணியின் டீயில் ஆடை கட்டியிருந்தது. "போவலாமா? கடைல கூட்டம் இருக்கறப்பவே கேக்கணும்" என்றார். கேசரியைப் பொட்டலம் கட்டச் சொன்னேன்.

மாலை 3.55. ஊருக்கு வெளியே முதல் கடை. வரிசையாக லாரிகள், எல்லாவற்றின் மீதும் வெள்ளைத் தூசி. இந்தப் பக்கக் கடைகளில் பெண்கள் இறங்கி நின்று டீ குடிப்பதில்லை. ஆண்கள் வாங்கி வந்து வண்டிக்குள் நீட்டுவார்கள். சலீம் பாயும், "நீங்க உக்காருங்க, நான் வாங்கியாரேன்" என்றார். அதற்குள் அண்ணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து நின்றார்கள்.

"போன வருஷம் ஒரு லாரி டிரைவரு டீ குடிச்சிக்கிட்டிருக்கறப்ப விழுந்துட்டாருங்களே, அது இந்தக் கடைங்களா?"

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் ஓரமாக நின்ற பெரியவர், "இந்தாளு டீயக் குடிச்சா எவன்தான் விழமாட்டான்?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"அவரு எங்க வூட்டுக்காரருங்க" என்றார் அண்ணி.

அந்தப் பெரியவரின் முகத்தை நான் மறக்க மாட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்தார். "தாயி, தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சிரு தாயி." மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, கடை எடுத்தே மூன்று மாதம்தான் ஆகிறதாம். எங்கள் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அண்ணி அந்த டீயையும் தொடவில்லை.

இரண்டாவது கடையில் யாரும் தலையே தூக்கவில்லை. "தெனம் எம்புட்டோ பேரு வர்றாங்க, போறாங்க. யாரக் கேக்குறீங்க?" அவ்வளவுதான் பதில்.

மாலை 4.40. மூன்றாவது கடை, சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில். டீ 12 ரூபாய். மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அண்ணி கேள்வியைப் பாதிதான் கேட்டிருப்பார். கையிலிருந்த வடிகட்டியை அப்படியே போட்டுவிட்டு அவர் வெளியே வந்தார்.

"வந்துட்டீங்களாம்மா! யாராச்சும் வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த பெஞ்சுலதான் சாஞ்சாரு. நான்தான் மடியில தலைய வச்சிக்கிட்டேன். தண்ணி குடுத்தேன், ரெண்டு முழுங்கு எறங்குச்சு."

அண்ணி மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"சொன்னாரும்மா. 'செவலைய விக்க வேணாம்னு வூட்ல சொல்லிடு'ன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. எந்த ஊருன்னு கேக்கறதுக்குள்ள ஆட்டோ வந்துட்டுது. தீவாளி கழிஞ்ச நாலாம் நாளு, அப்புடி ஒரு மழ. அன்னையிலேருந்து இந்தச் சேதிய நெஞ்சுல தூக்கிக்கிட்டுத் திரியறேன். இப்பதாம்மா பாரம் எறங்குச்சு."

என் அண்ணன் இறந்தது ஆடியில். அன்று மழை இல்லை, காற்றும் புழுதியும்தான். தேதிகளை மறப்பவள் இல்லை நான். சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மரப்பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். மாஸ்டர் நுரை பொங்க ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அண்ணி ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கேசரிப் பொட்டலத்தை மாஸ்டரிடம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம்.

"மலரு, அவரு போனது ஆடியில."

"ஆமா அண்ணி."

"எங்க வூட்ல மாடே கெடையாது."

என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கும் அங்கயே தெரிஞ்சுதுல்ல? ஏன் சும்மா இருந்த?"

"நீங்க டீ குடிச்சீங்க அண்ணி."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அந்த மனுசன் பொய் சொல்லல" என்றார். "வேற யாரோ ஒருத்தரு விழுந்திருக்காரு. அவரு பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்காளோ. அவளும் எங்கயாச்சும் கேட்டுக்கிட்டு வருவா. இவரு என்ன சொல்லுவாரு? அதான் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்பாரு." பிறகு முன்பக்கம் குனிந்து, "பாய், வண்டியத் திருப்புங்க" என்றார்.

"அண்ணி, இதுவே இருந்துட்டுப் போவட்டுமே" என்றேன். உண்மையில் அதைத்தான் நான் விரும்பினேன். ஒரு வார்த்தை கிடைத்தால் சோறு இறங்கும் என்றவருக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. யாருடையதாக இருந்தால் என்ன?

"அடுத்தவ சொத்து மலரு அது."

சலீம் பாய் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

மாலை 5.15. மாஸ்டர் எங்களைக் கண்டதும், "எதாச்சும் வச்சிட்டுப் போயிட்டீங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்க. அந்தச் சேதி எனக்கு இல்லைங்க. எங்க வூட்டுக்காரரு ஆடி மாசமே போயிட்டாரு. எங்களுக்கு மாடு கெடையாது. அந்தம்மா வந்தா அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டோம்னு நெனச்சி மறந்துடாதீங்க."

மாஸ்டர் அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நல்லா நெனச்சுப் பாருங்கம்மா. கடசி நேரத்துல மனுசன் என்னத்தையாச்சும் நெனச்சிச் சொல்லியிருக்கலாம்ல? நீங்களே வச்சுக்கங்களேன்" என்றார். கெஞ்சுவது போலிருந்தது. மறுபடி சுமக்க அவருக்கும் மனமில்லை.

"தீவாளிக்கு அவரு இல்லைங்க" என்றார் அண்ணி. "நீங்கதான் வச்சிருக்கணும்."

இம்முறை டீ போடுகிறேன் என்று மாஸ்டர் சொல்லவில்லை. நாங்களும் உட்காரவில்லை. வேறு கடைகளில் கேட்கலாமா என்று சலீம் பாய்தான் கேட்டார். சாலையின் இரண்டு பக்கமும் கடைகள் நீண்டு போய்க்கொண்டிருந்தன. அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பேரளி வழியாகத் திரும்பினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம். எதிரே கல் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு லாரியின் ஓட்டுநர் முகத்தையும் அண்ணி பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்: "அவளுக்காச்சும் ஒண்ணு இருக்கு." எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

மாலை 6.35. மகன் வீட்டு வாசலில் இறங்கினார். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதில்லை. என் மகளுக்கு ஓட்டலில் எடுத்த படத்தை அனுப்பினேன். அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கல்மரத்தைப் பற்றி மட்டும் சொல்லி வருகிறேன். அண்ணிக்கு இன்னும் சோறு இறங்கவில்லை. அழைத்துப் போகாமல் இருந்திருந்தால், எங்கோ ஒருவர் அந்த வார்த்தையை வைத்திருக்கிறார் என்ற எண்ணமாவது அவருக்கு இருந்திருக்கும்.

அதன் பிறகு தெரிந்த லாரி ஓட்டுநர்கள் சிலரிடம் விசாரித்துப் பார்த்தேன். என் அண்ணன் கடைசியாக உட்கார்ந்த கடை எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தீபாவளி கழிந்து மழையில் விழுந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியவில்லை. செவலை என்பது பசுவா, காளையா, கன்றா, அது இன்னும் கட்டுத்தறியில் நிற்கிறதா, கைமாறிவிட்டதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.